கீச்சிடும் கண்ணாடி

புளியந்தோப்பு நெடுஞ்சாலையில் ஹாரன் சத்தம் ஓய்வதே இல்லை. அதை ஒட்டிய சந்தில், கேபிள்காரர்களின் சின்ன அறையில் ஃபைபரை இணைத்து ஸ்விட்ச்சில் மாட்டும் வேலையை எவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருக்கலாம். மேல்பூச்சை வழித்தெடுத்ததும் மிஞ்சுகிற கண்ணாடி இழை 125 மைக்ரான், ஏறத்தாழ ஒரு தலைமுடி. அதனுள் ஒளி ஓடும் தடம் 9 மைக்ரான்தான். ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைக்கத் துடைக்க இழை மெல்லக் கீச்சிடும். சுத்தமாகிவிட்டதென்று அந்தச் சத்தமே சொல்லிவிடும். கிளீவரில் நுனியை நேராக வெட்டி, துணுக்கை உடனே டப்பாவில் போடுவார்கள். தோலில் ஏறினால் தேடி எடுக்க முடியாது. இழைகளை ஒட்டவைக்கும் ஸ்ப்ளைசரின் திரையில், இணைய வேண்டிய இரண்டு நுனிகளும் நகர்ந்து வந்து எதிரெதிரே நிற்கும். மூடிக்குள் ஒரு மின்பொறி. இணைந்த இடம் எதுவென்று கண் தேடும், கிடைக்காது.

அடுத்தது ஸ்விட்ச். ஒளியை அனுப்பி வாங்கும் எஸ்எஃப்பி மாட்யூல் போர்ட்டுக்குள் போய் உட்காரும்போது 'டக்'. இழை முனையிலுள்ள எல்சி கனெக்டருக்கு அதைவிட மெலிதான 'டிக்'. போர்ட்டின் விளக்கு எரியவில்லையா, இரு இழைகளையும் இடம் மாற்றுவார்கள். அனுப்பும் பக்கம் வாங்கும் பக்கத்தோடுதானே சேர வேண்டும்! லேப்டாப்பில் போர்ட்டைத் திறந்து, நெட்வொர்க்கைப் பிரிக்கும் விலான் எண் கொடுத்து, வந்து சேரும் ஒளியின் அளவைப் பார்ப்பார்கள். மைனஸ் 6 டிபிஎம் என்றால் முகம் மலரும். மைனஸ் 20ஐ நெருங்கினால் பேச்சில்லாமல் கனெக்டரைக் கழற்றித் துடைப்பார்கள். லாரிப் புழுதி பறக்கிற ஊர் இது. நுனிகளுக்கு மூடி மாட்டாமல் டீ குடிக்கக்கூட யாரும் எழுந்துபோவதில்லை.