கார்புரேட்டரைக் கடைசியில் திற

என்ஜினை இறக்கி, போர் போட்டு, வால்வு தேய்த்து, புதிதாக ஒரு கேமும் மாட்டி ஏற்றியாகிவிட்டது. செல்ஃப் அடித்ததும் பிடித்துக்கொள்கிறது. ஆனால் ஐடிலிங் நிற்கவில்லை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கார்புரேட்டர் வழியாகத் தும்முகிறது. சுற்றி நிற்கிறவர்கள் எல்லார் வாயிலும் ஒரே பேச்சுதான்: "கார்புரேட்டரைக் கழற்று." தமிழ்நாட்டில் என்ஜின் கட்டுகிறவர்களிடையே பல பள்ளிகள் உண்டு. அவற்றில் தேர்ந்தவர்கள் யாரைக் கேட்டாலும் இதற்கு நேர் எதிரான பதிலைத்தான் சொல்வார்கள். முதலில் வால்வு, அடுத்து தீப்பொறி, அதற்கும் பிறகுதான் பெட்ரோல். இந்த வரிசையை மதிக்காத வேலையை நான் நல்ல வேலையாக ஏற்பதில்லை. மரக்காணம் போன்ற உப்புக்கரையில் இந்த வரிசைக்கு முன்னால் இன்னொரு படியும் சேர்கிறது. அதையும் இந்த மலரில் பதிவு செய்ய விரும்புகிறேன்.

பழைய வண்டியின் என்ஜினை வேகத்துக்காக மாற்றிக் கட்டுவதை அமெரிக்காவில் ஹாட் ராட் என்றார்கள். 1932இல் ஃபோர்டு மலிவு விலையில் வி8 என்ஜினைக் கொண்டுவந்தது. கலிபோர்னியா இளைஞர்கள் அதை வாங்கிப் பிரித்து மேய்ந்தார்கள். முதலில் வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். 1949 முதல் யூட்டா மாநிலத்தின் பான்வில் உப்புவெளியில் ஆண்டுதோறும் கூடினார்கள். எட் இஸ்கெண்டேரியன் போன்றவர்கள் கேம் கிரைண்டிங்கையே தனித் தொழிலாக வளர்த்தது அந்தக் கூட்டத்துக்காகத்தான். பான்வில்லின் உப்பு மைல்கணக்கில் மட்டமாக, கெட்டியாகக் கிடக்கிறது. மரக்காணத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமாகத் தெரியும் பாத்திகளோ களிமண் தரை, வரப்பு, வாய்க்கால். சக்கரம் இறங்கினால் அச்சு வரை புதையும். ஆனால் உப்பு என்ஜினுக்குச் செய்கிற கேடு இரண்டு இடத்திலும் ஒன்றேதான்.

நம் ஊர் ஹாட் ராட் மரபுக்குத் தாய்வீடு சோழவரம். இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுபாதையில், 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்தியது. இறக்குமதிக்குக் கதவு அடைத்திருந்த காலம் அது. அம்பாசிடர், ஃபியட், வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பெங்களூரின் சிபானி டால்ஃபின் என்று கையில் கிடைத்ததை வைத்துக்கொண்டுதான் வேகம் எடுக்க வேண்டும். கேம் வாங்க வழியில்லை; இருக்கிற கேமின் மேல் வெல்டு ஏற்றி வேறு வடிவத்தில் கிரைண்ட் செய்தார்கள். ஜெட் கிடைக்காவிட்டால் இருக்கிற ஜெட்டை மெல்லிய ரீமரால் பெரிதாக்கினார்கள். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் வந்தது. அதுவரை இந்தப் பள்ளியின் தேர்வுக்கூடம் சோழவரம்தான்.

சோழவரத்துப் பள்ளி கற்றுக்கொடுத்த பெரிய பாடம் பிளக் படிப்பது. முழு வேகத்தில் ஓட்டி, அப்படியே கிளட்சை மிதித்து, இக்னிஷனை அணைத்து, வண்டியை உருட்டி நிறுத்திப் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பீங்கானில் கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்துப்போய்ப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் பெட்ரோல் குறைவு, அல்லது தீ முந்துகிறது. ஐடிலில் ஓடவிட்டு அணைத்த பிளக்கைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதை இந்தப் பள்ளி ஒப்புக்கொள்வதில்லை. அது சரியான பிடிவாதம். ஐடிலில் வேலை செய்வது பைலட் ஜெட். ஓட்டத்தில் வேலை செய்வது மெயின் ஜெட். ஒன்றின் சாட்சியத்தை வைத்து மற்றொன்றைத் திருத்த முடியாது.

கோவைப் பள்ளி வேறு. அது லேத்தும் ஃபவுண்டரியும் பம்புமாக வளர்ந்த ஊர்; ஜி. டி. நாயுடு போன்றவர்கள் பொறியை அளந்து பார்க்கும் பழக்கத்தையே ஊரில் விதைத்தவர்கள். லட்சுமி மில்ஸ் குடும்பத்துக் கரிவரதன், மாருதி 800இன் என்ஜினை வைத்தே ஃபார்முலா மாருதி என்ற பந்தயக் காரை வடிவமைத்து, பல இளைஞர்களைப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தார். 1995இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். செட்டிப்பாளையத்தில் இருக்கும் காரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இந்தப் பள்ளிக்கு டயல் கேஜ் இல்லாத பேச்சு பேச்சே இல்லை. கிராங்கின் முனையில் டிகிரி வட்டைப் பொருத்தி, வால்வு எந்த டிகிரியில் திறக்கிறது, எதில் மூடுகிறது என்று எழுதிவைத்த பிறகே ஹெட் கவரை மூடுவார்கள்.

மூன்றாவது, புதுப்பேட்டை தொடங்கி ஒவ்வொரு ஊர் பஸ் ஸ்டாண்டு வரை பரவிய காதுப் பள்ளி. ஸ்க்ரூ டிரைவரின் முனையை பிளாக்கில் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக் கேட்பார்கள். டேப்பட் சத்தம் கேமின் வேகத்தில் வரும், அதாவது கிராங்கின் பாதி வேகம்; பிஸ்டன் தட்டும் சத்தம் ஒவ்வொரு சுற்றுக்கும் வரும். பழகிய காது இதை ஒரு நொடியில் பிரித்துவிடும். இந்தக் கரையோரம் காதுப் பள்ளிக்கு ஒரு தனிக் கிளை உண்டு. உவர்நீர் இறைக்கும் ஆயில் என்ஜினும், ஃபைபர் படகில் நீள்வால் தண்டோடு ஓடும் கிரீவ்ஸ் லம்பார்டினியும் டீசல். அவற்றில் கார்புரேட்டரும் இல்லை, பிளக்கும் இல்லை. ஆகவே அவற்றில் பழகிய மெக்கானிக்கின் கை தானாகவே கம்ப்ரஷனுக்கும் வால்வுக்கும்தான் போகும். பெட்ரோல் என்ஜினிலும் அந்தக் கையே சரியான கை.

காது மட்டும் போதும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உப்பளத்தில் இவ்வளவு அனுபவசாலிகள் இருந்தும் பாத்தி நீரை மானி போட்டுத்தான் பார்க்கிறார்கள். போமே அளவில் 25ஐத் தொட்டால்தான் உப்பு இறங்கும் என்று எல்லாருக்கும் தெரியும். என்ஜினுக்கும் அதே மரியாதை வேண்டும்.

என் பட்டறைக்கு வந்த ஒரு வேலையைச் சொல்கிறேன். ஜீப்பில் ஏற்றிய அம்பாசிடரின் 1489 சிசி என்ஜின். வேகத்துக்காகக் கேம் கிரைண்ட் செய்தது. வேறிடத்தில் கட்டி முடித்து, கார்புரேட்டரைத் திரும்பத் திரும்பக் கழற்றியும் தும்மல் நிற்கவில்லை. "கார்புரேட்டர்தாண்ணே, புதுசு போட்டுடலாமா?" என்றார் வண்டிக்காரர். "இருங்க தம்பி, மொதல்ல ராக்கர் கவரைத் தூக்குவோம்" என்றேன். பிளக்குகளைக் கழற்றிவிட்டு கிராங்கைக் கையால் சுற்றினோம். இந்த என்ஜினில் ஒன்பது கணக்கு என்று ஒன்று உண்டு: முதல் வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது எட்டாவதன் இடைவெளியைப் பார்க்க வேண்டும், இரண்டாவது திறந்தால் ஏழாவது, கூட்டினால் எப்போதும் ஒன்பது. நாலாவதைப் பார்க்க ஐந்தாவது திறக்க வேண்டும். அந்த ஐந்தாவது திறக்கவில்லை, லேசாகத் தலையாட்டிவிட்டு நின்றது. டயல் கேஜை வைத்தோம். மற்ற ஏழும் 8 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கின. இது 5ஐக்கூடத் தொடவில்லை.

ஐந்தாவது வால்வு மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட். அதன் கேம் லோப் தேய்ந்து உருண்டையாகிவிட்டது. எரிந்த புகை வெளியே போக வழியில்லை. சிலிண்டருக்குள் அழுத்தத்தோடு காத்திருக்கிறது. இன்டேக் வால்வு திறந்த மாத்திரத்தில் அது அந்தப் பக்கமாகப் பாய்ந்து, கார்புரேட்டர் வாயில் பட்டென்று வெடிக்கிறது. இந்த ஹெட்டில் மூன்றுக்கும் நான்குக்கும் ஒரே இன்டேக் துளை என்பதால் நான்காம் சிலிண்டரும் சேர்ந்து மிஸ் அடிக்கிறது. தும்முவது கார்புரேட்டர் வழியாக. நோய் எக்ஸாஸ்ட் கேமில். கார்புரேட்டரை ஆயிரம் முறை கழுவினாலும் இது தீராது.

புதுக் கேம் ஏன் இப்படித் தேய்கிறது? தட்டை அடி கொண்ட டேப்பட் கேமின் மேல் சுழன்றுகொண்டே ஓட வேண்டும். அதற்காகவே லோபை மயிரிழைச் சரிவோடு கிரைண்ட் செய்கிறார்கள். பழைய டேப்பட்டைப் புதுக் கேமோடு சேர்த்தால் அது சுழலாது, ஒரே இடத்தில் அரைக்கும். முதல் ஸ்டார்ட்டில் ஐடிலில் விடுவதும் கேமைக் கொல்லும். லோபுக்கு எண்ணெய் கிராங்க் சுழற்சியில் தெறித்துத்தான் போகிறது, ஐடிலில் அது போதாது. மாலிப்டினம் பேஸ்ட் தடவி மாட்டி, பிடித்துக்கொண்டதுமே 2000லிருந்து 2500 ஆர்பிஎம்முக்கு ஏற்றி, 20 நிமிஷம் இறக்காமல் ஓட்ட வேண்டும். எண்ணெயிலும் கவனம் வேண்டும். லோபைக் காப்பது துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த சேர்மம். புகைக்குழாயின் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் காப்பாற்ற, இந்தக் காலத்துக் கார்களுக்கான 5டபிள்யூ-30 போன்ற எண்ணெய்களில் பாஸ்பரஸை 0.08 சதவீதத்துக்குள் நிறுத்திவிட்டார்கள். விலை அதிகம் என்பதற்காக அதைப் பழைய என்ஜினில் ஊற்றுவது அதற்குச் செய்கிற தீங்கு. 20டபிள்யூ-50 போதும், அதுதான் நல்லதும்.

கேம் தேயாமல் இருந்தும் தவறான இடத்தில் உட்கார்ந்திருக்கலாம். கேம் பல்சக்கரத்தில் 40 பல் இருந்தால், ஒரு பல் தவறினால் கேம் 9 டிகிரி விலகும். கிராங்கில் அது 18 டிகிரி. என்ஜின் பிடித்துக்கொள்ளும், ஓடும், ஆனால் இழுவை இருக்காது. கிரைண்ட் செய்த கேமில் இன்னொரு சிக்கலும் உண்டு. லிஃப்ட் கூட்டுவதற்காக அடிவட்டத்தைச் சிறிதாக்கியிருப்பார்கள். டேப்பட் கீழே இறங்கிவிடும். ராக்கர் ஸ்க்ரூவைக் கடைசி வரை முடுக்கினாலும் இடைவெளி அடையவில்லை என்றால், நீளமான புஷ் ராடு போட வேண்டும். புல்லட்டில் இவ்வளவு கஷ்டம் இல்லை. 1955 முதல் திருவொற்றியூர் வழியாகத் தமிழ்நாட்டு விரல்களுக்குப் பழகிய வண்டி அது. என்ஜின் ஆறியிருக்கும்போது, கம்ப்ரஷன் உச்சியில் புஷ் ராடு விரலுக்குள் தடையில்லாமல் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவுதான் அளவு.

தீப்பொறி விஷயம் சுருக்கமானது. பாயிண்ட் இடைவெளி, கண்டன்சர், டிஸ்ட்ரிபியூட்டரின் அட்வான்ஸ் எடைகள் துருப்பிடித்து இறுகாமல் இருப்பது, அம்பாசிடருக்கும் ஃபியட்டுக்கும் 1-3-4-2 வரிசை. இவை சரியாக இருந்தால் மேலே போகலாம்.

இப்போது கார்புரேட்டர். அதைத் திறக்கும் முன் வேக்குவம் கேஜை இணைத்துப் பாருங்கள். சாதாக் கேம் உள்ள நல்ல என்ஜின் ஐடிலில் 17லிருந்து 21 அங்குலம் காட்டும். முள் ஒழுங்கான இடைவெளியில் துடித்தால் வால்வு. மெதுவாக முன்னும் பின்னும் அலைந்தால் கார்புரேட்டர். ரேஸ் கேமில் இன்டேக்கும் எக்ஸாஸ்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் அதிகம் என்பதால், 10 அங்குலம்கூட வராமல் போகலாம். அது பழுதல்ல, அந்தக் கேமின் குணம். ஆனால் அதன் விளைவை கார்புரேட்டர் தாங்க வேண்டும். அமெரிக்க வி8களில் வரும் ஹோலி கார்புரேட்டரில் பவர் வால்வு 6.5 அங்குலத்துக்குக் கீழே திறக்கும். ஐடில் வேக்குவம் அதையொட்டி இருந்தால் நின்ற இடத்திலேயே பெட்ரோல் கொட்டும். இங்கே எஸ்யூ கார்புரேட்டரில் சோதனை எளிது. பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். என்ஜின் அணையப் பார்த்தால் குறைவு. சற்றே ஏறித் திரும்பினால் சரி. ரேஸ் கேம் போட்டவர்கள் ஐடில் நிற்பதற்காக த்ராட்டிலை நிறையத் திறந்துவைப்பார்கள். நிலையான ஜெட் உள்ள கார்புரேட்டர்களில் அதன்பின் மிக்சர் ஸ்க்ரூவைத் திருப்பினாலும் எந்த மாற்றமும் தெரியாது. அப்போது குற்றம் ஸ்க்ரூவில் இல்லை.

மரக்காணத்தில் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு படி என்றேனே, அது கழுவுதல். கோடைக் காற்றில் உப்பு பறந்துவந்து ஏர் ஃபில்டருக்குள்ளும் உட்காருகிறது. கார்புரேட்டரின் உடம்பு துத்தநாகம் அல்லது அலுமினியக் கலவை. உப்பும் ஈரமும் சேர்ந்தால் வெள்ளைப் பொடி பூக்கும். அந்தப் பொடி ஃப்ளோட் கிண்ணத்தின் அடியில் மாவாகப் படிந்து, பைலட் ஜெட்டின் நுண்துளையை அடைக்கும், ஸ்லைடையும் பிடிக்கும். பாயிண்டின் முகமும் கறுக்கும். இங்கே வண்டியை வாரக்கணக்கில் நிறுத்துபவர்கள் கிண்ணத்தை வடித்துவிட்டு நிறுத்த வேண்டும். வெளியே நல்ல தண்ணீரால் கழுவித் துடைக்கவும் வேண்டும். பான்வில்லில் ஓட்டுகிறவர்களும் வீடு திரும்பியதும் முதலில் செய்வது கழுவுவதைத்தான்.

இந்தப் பள்ளிகள் எதுவும் இன்னும் சேர்ந்து உட்கார்ந்து பேசாத விஷயம் ஈ20 பெட்ரோல். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபோது புது வண்டிகளிலிருந்து கார்புரேட்டர் விடைபெற்றது. ஆகவே எத்தனாலுக்கு ஏற்ப ஜெட் எண் சொல்ல இன்று எந்தத் தொழிற்சாலையும் இல்லை, நாம்தான் சொல்ல வேண்டும். ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். 20 சதவீதம் கலந்தால் கணக்கு ஏறக்குறைய 13.5க்கு இறங்குகிறது. பழைய ஜெட்டோடு ஓடும் என்ஜினுக்கு இது எட்டு சதவீதம் அளவுக்குப் பெட்ரோல் குறைந்தது போல. ரேஸ் கேம் போட்டவருக்குத் தும்மல், சூடு, வெளுத்த பிளக் எல்லாம் இதனாலேயே வரலாம். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். இந்தக் கரையின் காற்றில் அதற்குப் பஞ்சமில்லை. பழைய ரப்பர் ஹோஸையும் டயஃப்ரமையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிட்டு, மெயின் ஜெட்டை ஒரு படி கூட்டி, சோழவரத்து முறையில் முழு ஓட்டத்தில் அணைத்துப் பிளக்கைப் பார்க்க வேண்டும். போதாவிட்டால் இன்னொரு படி. எந்த வண்டி, எந்தக் கேம், எந்த ஜெட், பிளக்கின் நிறம் என்ன என்று ஒவ்வொரு பட்டறையும் ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினால், அடுத்த மலரில் அந்த அட்டவணையையே அச்சிடலாம். என் பட்டறை நோட்டை அதற்குத் தரத் தயாராக இருக்கிறேன்.