தனிமையும் துணைமையும்: ழான் மிசேல் ழாரின் 'இலெக்ற்றோனிக்கா'

கருவிகள் பல கூடி ஒலிக்கும் இசையிலே ஒருவனுக்கு மற்றொருவன் இன்றியமையாதவனாகின்றான். குழலோன் மூச்செடுக்கும் இடைவெளியை யாழோன் அறிதல் வேண்டும். யாழோன் விரையுமிடத்தைத் தண்ணுமையோன் உணர்தல் வேண்டும். ஆடலரங்கின் கருவிகள் ஒன்றன்வழி ஒன்று நின்ற முறைமையைச் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை கூறுமிடத்து இவ்வுண்மையே புலப்படுகின்றது. இலத்திரனியற் கருவிகள் தோன்றிய பின்னர் இந்நிலை மாறிற்று. குழலும் யாழும் முழவும் ஒருவன் கைக்கீழ் அடங்கின. அவன் விரும்பியவாறெல்லாம் அவை ஒலித்தன. எல்லாவற்றையும் தானே செய்யவல்ல கலைஞனுக்குத் துணைவரால் ஆவதென்ன என்னும் வினா அப்பொழுது எழுந்தது. இவ்வினாவை ஆராய்தற்கு, பிரான்சு நாட்டு இசைவல்லுநர் ழான் மிசேல் ழார் 2015ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் வெளியிட்ட 'இலெக்ற்றோனிக்கா 1' என்னும் இசைத்தொகுதி பெரிதும் ஏற்றதாகும். காலப்பொறி என்னும் பொருள்பட 'த ரைம் மெஷின்' என்று அதற்குத் துணைப்பெயரும் உண்டு.

இலத்திரனியல் இசையின் பிறப்பு வரலாற்றிலேயே இவ்வினாவின் வித்து மறைந்து கிடக்கின்றது. 1948ஆம் ஆண்டிலே பாரிசு வானொலியிற் பணியாற்றிய பியர் ஷெஃபர் என்பார், அந்நகரத்துப் பற்றிஞோல் புகையிரத நிலையத்தின் ஒலிகளைப் பதிவுசெய்து, அவற்றைத் திருப்பித் திருப்பி ஒலிப்பித்தும் வேகத்தை வேறுபடுத்தியும் ஓர் இசைப்படைப்பாக ஒழுங்குபடுத்தினார். எழுதிவைத்த சுரங்களைக் கலைஞர் உயிர்ப்பிக்கும் பழைய முறை போய், பதிவான ஒலியே மூலப்பொருளாயிற்று. 1950ஆம் ஆண்டு அரங்கேறிய அவர்தம் பெரும்படைப்பின் பெயர் 'தனி மனிதனுக்கான சிம்பனி' என்று பொருள்படும். ஆனால், அதனை இயற்றியோர் இருவர். பியர் ஆன்றி என்பார் ஷெஃபருடன் உடனுழைத்தார். தனிமையைப் பேசவந்த படைப்பு துணைமையாற் பிறந்தமை நோக்கற்பாலது.

புகையிரத இசை தோன்றிய அதே 1948ஆம் ஆண்டிலே ழார் லியோன் நகரிற் பிறந்தார். 'லோறன்ஸ் ஒவ் அரேபியா' என்னும் திரைப்படத்துக்கு இசையமைத்துப் புகழ்பெற்ற மொறிஸ் ழார் அவர்தம் தந்தையாராவர். 1969ஆம் ஆண்டில், ஷெஃபர் நிறுவிய இசையாராய்ச்சிக் குழுவிலே ழார் சேர்ந்து பயின்றார். எனினும், அவருக்கு உலகப்புகழ் தந்தது 1976ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த, ஒட்சிசன் என்று பொருள்படும் 'ஒக்ஸிஷேன்' என்னும் தொகுதியேயாம். பாரிசிலே தம் இல்லத்தில் அமைத்த சிறு கூடத்தில், எட்டுத்தடப் பதிகருவியின் துணையுடன் அதனை அவர் உருவாக்கினார். எட்டுத்தடம் என்பதன் பொருளை மாணவர் அறிந்துகொள்ளல் நன்று. ஒரே நாடாவில் எட்டு வரிசைகளிலே வேறு வேறு ஒலிகளைத் தனித்தனியே பதிந்து, பின்னர் ஒருங்கே ஒலிக்கச் செய்தலே அது. இன்று வாசித்த இசைக்கு நாளை தானே பக்கவாத்தியம் வாசிக்கும் வாய்ப்பை அக்கருவி ஒருவனுக்கு நல்கிற்று.

'ஒக்ஸிஷேன்' ஆறு பகுதிகளும் ஒரே மனத்தின் ஓட்டமாக அமைந்தமையே அதன் அழகு. வேற்றுக்குரல் ஒன்று புகுந்திருப்பின் அவ்வமைதி குலைந்திருக்கும். ஆதலின், தனித்தியற்றுதல் இலத்திரனியல் இசைக்குக் குற்றமாகாது. ஆயின் அம்முறையை வாழ்நாளெல்லாம் பின்பற்றுவோனுக்கு ஓர் இடர் நேரும். அவன் கேட்பதெல்லாம் தன் எதிரொலியாகவே முடியும். கருவி ஏவியதைச் செய்யுமேயன்றி, 'இவ்விடம் நன்றன்று' என்று மறுத்துரைக்க மாட்டாது.

இதனை ழார் உணர்ந்திருந்தார் என்பதற்கு 'இலெக்ற்றோனிக்கா' சான்றாகும். அறுபத்தேழு வயதில் வெளியிட்ட அத்தொகுதியிலே, தமக்கு முன்னும் பின்னும் இத்துறையில் உழைத்த பலரை அவர் துணைவராக்கிக்கொண்டார். பதினாறு பகுதிகளுள் ஒவ்வொன்றும் ழாருடன் உடனுழைத்தோர் பெயரையும் தாங்கி நிற்கின்றது. இக்காலத்திலே கணினிவழி ஒலிக்கோப்புகளை அனுப்பி, ஒருவரையொருவர் காணாமலே கூட்டுப்படைப்பு இயற்றுதல் பெருவழக்கு. அவ்வழியை விடுத்து, துணைவர் இருக்குமிடம் தேடிச் சென்று உடனிருந்து பணியாற்றுதலையே ழார் கொள்கையாகக் கொண்டார். ஒவ்வொருவரையும் மனத்திற் கொண்டு முன்னரே ஒரு வரைவை இயற்றி, அவர் புகுதற்கு இடம்விட்டு எடுத்துச்செல்லுதல் அவர் முறை. இம்முறையே தொகுதியின் ஆற்றலுக்கும் குறைவுக்கும் காரணமாயிற்று என்பது எமது கருத்து.

முதலில் ஆற்றலை நோக்குவாம். எடையற்ற நிலையைக் குறிக்கும் 'சீறோ கிறாவிற்றி' என்னும் பகுதியை, 1967ஆம் ஆண்டு மேற்கு பேர்லினில் தோன்றிய ரான்ஜரின் டிறீம் குழுவினருடன் ழார் அமைத்தார். குறித்த சுரங்களைத் தானே மீட்டுமீட்டு ஒலிக்கும் வரிசையாக்கிக் கருவியைத் தம் இசையின் முதுகெலும்பாக்கியவர்கள் அவர்கள். மீட்சி அவர்கள் கையிலே வெறுங் கூறியது கூறலாவதில்லை. சுரத்தின் நிறம் சிறிது சிறிதாக மாற, ஆற்றுநீர் போல ஒன்றாயும் வேறாயும் அது ஓடும். ழாருக்கு இயல்பான பரந்த இன்னிசை அவ்வோட்டத்தின்மேல் மிதக்கும்போது, இருவேறு மரபுகள் தம்முள் உரையாடுதல் தெளிவாகக் கேட்கின்றது. அக்குழுவை நிறுவிய எட்கார் ஃபுறோசே 2015ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே காலமானார். தொகுதி வெளிவந்தபோது அவர் இலர். நேரிற் சென்று கண்டு பணியாற்றும் கொள்கையின் அருமை இதனால் விளங்கும். பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்திருப்பின் இப்பகுதி பிறந்திராது.

'என்னை நம்பியிரு' எனப் பொருள்படும் 'றிலை ஒன் மீ' பிறிதொரு வகையிற் சிறந்தது. அமெரிக்கக் கலைஞர் லோறி அன்டர்சன் அதிற் பாடுவதைக் காட்டிலும் பேசுவதே மிகுதி. 1984ஆம் ஆண்டு வெளிவந்த 'சூலுக்' என்னும் தொகுதியிலேயே அவர் ழாருடன் இணைந்தவர். கையடக்கக் கருவியொன்று தன்னைச் சார்ந்திருக்குமாறு மனிதனை அழைப்பது போல் அவர் குரல் ஒலிக்கின்றது. அன்பின் மொழியைப் பொறி பேசும்போது கேட்போர் உள்ளத்திலே ஒருவகை அச்சம் தோன்றுகின்றது. இவ்வுணர்வை ழாரின் கருவிகள் தாமாகத் தோற்றுவித்திரா. அதற்கு மற்றொருவர் நாவும் நகையும் வேண்டியிருந்தன.

இனிக் குறைவை நோக்குவாம். விருந்தினர்க்கு இடம்விட்டு வரைவு இயற்றுதல் நற்பண்பேயாயினும், அவ்விடத்தின் அளவை வகுப்பவர் விருந்தளிப்பவரே. அதனால் ஒரு பக்கத்திலே விருந்தினர் மறைகின்றார். மற்றொரு பக்கத்திலே விருந்தளிப்பவரே மறைகின்றார். ஒல்லாந்து நாட்டு ஆமின் வான் பூரனுடன் அமைத்த 'ஸ்ராடஸ்ற்' இதற்கு எடுத்துக்காட்டு. பேரரங்குகளிலே இளைஞரை ஆடச்செய்யும் இசையில் வல்லவரான வான் பூரனின் வழக்கமான படைப்பாகவே அது செல்கின்றது. ழார் உடனிருந்தார் என்பதற்குப் பெயரன்றிச் சான்று அரிது. த ஹூ குழுவின் பீற் ரவுண்சென்ட், றொக் இசைக்குள் இலத்திரனியல் ஒலியை முற்பட வரவேற்ற பெருமக்களுள் ஒருவர். அவருடன் அமைத்த 'றவலேற்றர்' இரண்டாம் பகுதி என்ற குறிப்புடன், முதற்பகுதியின்றி இத்தொகுதியில் நிற்பது, பெருநூலினின்று கிழித்தெடுத்த ஏடு போலத் தோன்றுகின்றது. மேலும், பதினாறு பகுதிகளுக்கும் ஒரேவகையான மெருகு பூசப்பட்டுள்ளது. கரடுமுரடு முழுதும் நீங்குமிடத்துக் கலைஞரின் கைத்தடமும் நீங்குதல் இயல்பே. பகுதிகளின் தொகையைக் குறைத்துத் துணைவரை மிகுதியாகப் பேசவிட்டிருப்பின் தொகுதி மேலும் உயர்ந்திருக்கும்.

இறுதியில் நிற்பது புகையிரதத்தையும் ஆற்றையும் தலைப்பாகக் கொண்ட பகுதி. சீன நாட்டுப் பியானோக் கலைஞர் லாங் லாங் இதிலே துணைவர். பியானோவின் நரம்பு தட்டப்பட்டவுடன் ஒலி பிறந்து, அக்கணமே தேயத் தொடங்குகின்றது. எத்துணை வல்லுநராயினும் அதனை அழியாமற் காத்தல் இயலாது. இலத்திரனியற் கருவியின் சுரமோ மின்னோட்டம் உள்ளவரையும் குன்றாது நிற்கவல்லது. தேயும் ஒலியும் தேயா ஒலியும் அருகருகே நிற்கும்போது, மனிதனுக்கும் பொறிக்கும் உள்ள வேறுபாடு விளக்கவுரை வேண்டாமலே செவிக்குப் புலனாகின்றது. ஷெஃபர் புகையிரத ஒலியிலிருந்து தொடங்கிய கலை, அவர் மாணவர் கையில் மீண்டும் புகையிரதத்தின் பெயரைச் சூடி, பழைய பியானோவுடன் இணைந்து நிற்பதும் இன்பந் தருவதே.

பொறியாற் பிறப்பது கலையாகுமோ என்று ஐயுறுவாரும் உளர். பியானோவும் ஒரு பொறியே. குழலின் துளையும் ஒருவகைத் தொழில்நுட்பமே. கருவியின் வகை கலையை அளக்கும் கோலாகாது. அதனைக் கையாள்வோன் பிறிதோருள்ளத்திற்குச் செவிகொடுத்தானா என்பதே கேட்கத்தக்க வினா. 2016ஆம் ஆண்டு வெளிவந்த இரண்டாந் தொகுதியிலே, அமெரிக்க அரசின் கண்காணிப்பை வெளிப்படுத்திய எட்வேட் ஸ்னோடனின் பேச்சையே ழார் இசையினுள் அமைத்தார். இசைப்புலவரல்லாதார் ஒருவரின் சொல்லுக்கும் இசையில் இடம் உண்டு என்று காட்டிய அத்துணிவு பாராட்டத்தக்கது.

இன்று மாணவர் ஒருவர் தம் மேசைமீதுள்ள கணினி ஒன்றினாலேயே, ழார் 1976இற் பெற்றிருந்த வசதியினும் பன்மடங்கு வசதியைப் பெறலாம். தனித்தியற்றும் ஆற்றல் எல்லார்க்கும் எளிதாகிவிட்ட இக்காலத்திலே, அவ்வாற்றலை நிறைவாகப் பெற்ற ஒருவர், தம் முதுமையில் ஊர்தோறும் சென்று பிறர் கதவைத் தட்டினார். அம்முயற்சி எல்லா இடத்தும் வெற்றி பெறவில்லை. ஆயினும், வெற்றி பெற்ற இடங்களெல்லாம் துணைவர் தம் இயல்பை இழவாது நின்ற இடங்களே. கூட்டுப்படைப்பை மதிப்பிடுவோர்க்கு இதனினும் பயனுடைய அளவுகோல் பிறிதில்லை என்பது எமது துணிபு.