தொன்மையும் வாழ்வுரிமையும்: ஈழத் தமிழ்த் தேசியப் பனுவல்கள் குறித்த ஒரு மதிப்பீடு

முன்னுரை

ஒரு மக்களினம் தன்னைத் தேசம் என்று அறிவிக்கும்போது அவ்வுரிமையை எதன்மீது நிறுவுகிறது என்பது முதன்மையான வினாவாகும். இஸ்ரேல் – பாலஸ்தீன விவாதத்தில் இவ்வினா பெரும்பாலும் 'முதலில் வாழ்ந்தவர் யார்' என்பதாகச் சுருங்கிவிடுகிறது. இலங்கை இனச்சிக்கலிலும் இதே சுருக்கம் நேர்ந்தது. வட்டுக்கோட்டைத் தீர்மானம் (1976), திம்புக் கோட்பாடுகள் (1985), இந்திய – இலங்கை ஒப்பந்தம் (1987) ஆகியவற்றை வாசித்து, தொன்மையை மட்டும் அடித்தளமாகக் கொள்ளும் உரிமைக்கோரல் சமாதானத்திற்குப் போதிய இடம் தருவதில்லை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வட்டுக்கோட்டை: இரு அடித்தளங்கள்

வரலாற்றின் விடியல் முதலே சிங்களரும் தமிழரும் தீவைத் தமக்குள் பகிர்ந்துகொண்டனர் என்று தீர்மானத்தின் முகப்புரை கூறுகிறது. இதில் வரும் எல்லை வரையறை, ஆங்கிலேய அதிகாரி கிளெகோர்ன் 1799இல் எழுதிய குறிப்பை ஏறத்தாழ அப்படியே பின்பற்றுவது. தொன்மைக்கான சான்று காலனிய ஆவணத்திலிருந்து பெறப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது.

ஆயினும் அறிவிப்புப் பகுதி வேறொன்றைச் சொல்கிறது. மொழி, சமயம், பண்பாடு, முன்னைய அரசு ஆகியவற்றைப் பட்டியலிட்ட பின், அனைத்திற்கும் மேலாகத் தம்மைத் தாமே ஆளும் விருப்பத்தையே அது நிறுத்துகிறது. பிந்தைய அரசியல் மேடைகள் எடுத்துப் பேசியது பெரிதும் முகப்புரையையே; விருப்பம் என்னும் அடித்தளம் பின்தள்ளப்பட்டது.

இதற்குக் காரணமும் உண்டு. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் போன்ற அரச குடியேற்றங்கள் கிழக்கின் மக்கள்தொகை அமைப்பை மாற்றின. 1972 அரசியலமைப்பு பௌத்தத்திற்கு முதன்மை இடம் அளித்தது. மகாவம்சத்தை நிலப்பத்திரமாகக் கொண்ட பெரும்பான்மைவாதத்தின் எதிரே, தமிழர் தம் தொன்மையை எடுத்துரைத்தது தற்காப்பேயாகும். கேடயமாகப் பயன்பட்ட வாதம் உரிமைப் பத்திரமாக மாறியபோதே சிக்கல் எழுந்தது.

திம்பு: நான்காம் கோட்பாடு

திம்புவில் முன்வைக்கப்பட்ட நான்கு கோட்பாடுகளுள் முதல் மூன்றும் தேசிய இனம், தாயகம், தன்னாட்சி உரிமை பற்றியவை. நான்காவது, தீவைத் தம் நாடாகக் கருதும் தமிழர் அனைவருக்கும் குடியுரிமை கோருகிறது. 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மலையகத் தமிழரே இதன் மையம். 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோட்டத்தொழிலுக்குச் சென்றோரின் வழியினர் தொன்மையைக் காட்ட இயலாது. வாழ்வையும் உழைப்பையுமே காட்ட இயலும். ஆகவே, முதல் மூன்று கோட்பாடுகளை வரலாற்றுரிமையாக மட்டும் வாசித்தால் நான்காவது அவற்றோடு பொருந்தாது. நான்காவதன் அறத்தை ஏற்போர் பிற மூன்றையும் அதன் ஒளியிலேயே வாசித்தல் வேண்டும்.

ஒப்பந்தமும் விடுபட்டோரும்

1987 ஒப்பந்தம் வடக்கையும் கிழக்கையும் தமிழ் பேசும் மக்களின் வரலாற்று வாழிடம் என ஏற்றதோடு, அவர்கள் அங்கே பிற இனக்குழுக்களுடன் சேர்ந்து வாழ்ந்துவந்தனர் என்றும் இணைத்துரைத்தது. இவ்விணைப்பின் பிற்பாதி நடைமுறையில் கைவிடப்பட்டது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். எந்த ஒரு சமயச் சமூகமும் பிறிதொன்றால் ஆளப்படலாகாது என்று வட்டுக்கோட்டைத் தீர்மானமே உறுதியளித்திருந்தது. தாயகம் என்னும் சொல் ஒரே உரிமையாளரைக் குறித்தபோது அவ்வுறுதி வலுவிழந்தது.

ஓஸ்லோ நிகழ்வு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 1993இல் பாலஸ்தீன விடுதலை இயக்கம் இஸ்ரேலின் இருப்புரிமையை ஏற்றது. இஸ்ரேலோ அவ்வியக்கத்தைப் பாலஸ்தீன மக்களின் பிரதிநிதியாக மட்டுமே ஏற்றது. ஒருபுறம் நாடும் மறுபுறம் பிரதிநிதியும் ஏற்கப்படும் சமமின்மை, சமாதான ஆவணத்திற்குள்ளேயே தங்கிவிட்டது.

முன்வருகை இன்றியும் உரிமை

தொன்மையை விடுத்தால் நிலத்தின் மீதான உரிமையே தளரும் என்ற அச்சம் இயல்பானது. இதற்குத் தமிழகத்திலேயே ஒரு மறுசான்று உண்டு. மஞ்சக்குட்டை முதலான ஏற்காட்டுப் பகுதி ஊர்களை உள்ளடக்கிய சேர்வராயன் மலையின் பழங்குடியினர் மலையாளிகள். இங்கு இச்சொல் மலைவாழ்நரைக் குறிக்கும். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர் என்பதே அவர்களிடை வழங்கும் தோற்றக்கதை. வந்தேறிய கதையை வெளிப்படையாகச் சொல்லியும் அவர்கள் அம்மலைக்கு உரியவராகவே விளங்குகின்றனர். சேலம் மாவட்டப் பட்டியல் பழங்குடியினராக அரசாலும் ஏற்கப்பட்டுள்ளனர். போட்டித் தேசியமோ போரோ இல்லாத சூழல் இது. ஆதலால் ஈழத்தோடு முழுமையாக ஒப்பிடத்தக்கதன்று. எனினும் உரியவராதலுக்கு முன்வருகை தேவையில்லை என்பதற்கு இது போதிய சான்று.

முடிவுரை

தொன்மை ஆய்வுக்குரிய பொருள். அதை மறுப்போரிடம் வாதிடவும் வேண்டும். ஆனால் குடியுரிமை, தன்னாட்சி, பாதுகாப்பு ஆகியவற்றை அகழாய்வு முடிவுகளுக்குப் பணயம் வைக்கலாகாது. வட்டுக்கோட்டையின் 'விருப்பம்', திம்புவின் நான்காம் கோட்பாடு, 1987 ஒப்பந்தத்தின் 'சேர்ந்து வாழ்தல்' ஆகிய மூன்றும் வேறோர் அடித்தளத்தை ஏற்கெனவே வழங்கியுள்ளன. ஈழ அரசியல் இலக்கிய ஆய்வுகள் இம்மூன்றையும் ஒருங்கே வாசிக்குமாயின், மலையகத் தமிழரும் முஸ்லிம்களும் அடிக்குறிப்பிலிருந்து பனுவலின் நடுவுக்கு வருவர்.