ஏலகிரியில் இரண்டு நாள்

ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தவர்களின் வாட்ஸ்ஆப் குழுக்களில், ஐப்பசி பிறந்ததும் ஏலகிரிப் பேச்சு கிளம்பிவிடும். வெள்ளி இரவு ஜோலார்பேட்டைக்கு ரயில், மலையில் இரண்டு நாள் ஓட்ட முகாம், ஞாயிறு இரவுக்குள் வீடு. சனிக்கிழமை விடியலில் லாங் ரன், மாலையில் மேட்டு ஓட்டம், ஞாயிறு காலை மறுபடியும் ஓட்டம். போய்வந்தவர்கள் எல்லோரும் புகழ்கிறார்கள். புகழத் தக்கது உண்டுதான். ஆனால் அவர்கள் சொல்லும் காரணங்கள் பெரும்பாலும் தப்பானவை.

அதில் முதலாவது மலைக்காற்று. ஏலகிரியின் உயரம் சுமார் 1,100 மீட்டர். உலக ஓட்டக்காரர்கள் தேடிப்போகும் கென்யாவின் இட்டென் ஏறக்குறைய 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சிவப்பணு பெருக அங்கேயே மூன்று நான்கு வாரம் தங்கவேண்டும். 2,000 மீட்டரைத் தொடாத மலையில் இரண்டு இரவு தூங்கினால் ரத்தத்தில் ஒன்றும் மாறிவிடாது. வெக்கைதான் குறையும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி தணிகிறது. பெசன்ட் நகரில் கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் ஓடவே திணறுகிறவர், இங்கே ஆறரை நிமிடத்தில் பேசிக்கொண்டே ஓடுகிறார். அதை ஸ்ட்ராவா செயலியில் ஏற்றிவிட்டு, தேறிவிட்டோம் என்று நம்புகிறார். தேறியது வானிலை. அடுத்த ஞாயிறு சென்னைப் புழுக்கத்தில் அதே வேகத்தைப் பிடிக்கப் போய்ப் பாதி தூரத்தில் நடக்கத் தொடங்குவார். புழுக்கத்துக்கு உடம்பு பழக, புழுக்கத்திலேயே இரண்டு வாரம் ஓடினால்தான் உண்டு.

அடுத்தது, எவ்வளவு ஓடினோம் என்ற பெருமை. வாரம் 25 கிலோமீட்டர் ஓடுகிறவரை இரண்டே நாளில் 35 ஓட வைக்கிறார்கள். ஓட்டத்தின் பலன் ஓய்வில்தான் உடம்பில் சேர்கிறது என்பது கோச்சுக்குத் தெரியாததல்ல. கட்டணம் வாங்கிக்கொண்டு ‘மத்தியானம் போய்ப் படுங்கள்’ என்று சொல்லத்தான் கூச்சம். அதனால் நிகழ்ச்சி நிரல் நிரம்பி வழிகிறது.

மலைச்சாலையில் புலவர்கள், வள்ளல்கள் பெயர் தாங்கிய 14 கொண்டை ஊசி வளைவுகள் வேறு இருக்கின்றன. ஏறும்போது மூச்சுதான் வாங்கும். தொடையைப் பதம் பார்ப்பது இறக்கம். தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கவேண்டியிருப்பதால் உள்ளே நுண்ணிய சேதம் உண்டாகிறது. வலி ஓரிரு நாள் கழித்து உச்சத்துக்கு வரும். திங்கட்கிழமை ஆபீஸ் மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில் இறங்குகிறவரைப் பார்த்தால், எங்கே போய்வந்தார் என்று கேட்கவே வேண்டாம். ஆனாலும் இறக்கத்துக்காக ஒன்று சொல்லவேண்டும். முகாமில் கிடைப்பவற்றில் ஒரே தடவையில் உடம்புக்குப் பலன் தருவது அது மட்டும்தான். ஒருமுறை வலித்துத் தேறிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே அடியைச் சுலபமாகத் தாங்கும். மேம்பாலத்தை விட்டால் மேடு அரிதான சென்னைக்கு இந்தக் காப்பு எவ்வளவு தேவை என்பது வேறு கேள்வி.

முகாமின் உண்மையான பலம், அங்கே நம்மைப் பார்க்க ஒருவருக்கு நேரம் இருக்கிறது என்பதே. கோச் வளைவில் குந்தி உட்கார்ந்து, போனைக் கணுக்கால் உயரத்தில் பிடித்து ஒவ்வொருவரையும் படம் எடுக்கிறார். பிறகு மெதுவாக ஓடவிட்டுக் காட்டுகிறார்: “குதிகால் முட்டிக்கு எவ்ளோ முன்னாடி விழுது பாருங்க. எட்டைச் சின்னதா வைங்க, போதும்.” நகரத்தில் நாற்பது பேருக்கு ஒரு கோச், ஆறரை மணிக்குக் கூட்டம் கலைந்துவிடும். மாதக்கணக்கில் முட்டிவலிக்குத் தைலம் தேய்த்தவருக்கு இந்த ஒரு நிமிடப் படம் போதும். பெண்களுக்குக் கிடைப்பது இன்னும் பெரிது. பின்னால் வரும் பைக்குக்காகத் திரும்பித் திரும்பிப் பார்க்காமல், கூட்டமாக, இருட்டிலேயே ஓட்டத்தைத் தொடங்குவது நகரத்தில் எத்தனை பேருக்கு வாய்க்கிறது?

முகாம் விளம்பரங்களில் ஆஸ்திரேலியாவின் போர்ட்சீ அடிக்கடி எட்டிப்பார்க்கும். 1950களில் பெர்சி செருட்டி என்ற கோச் அந்தக் கடலோரத்து மணல்மேடுகளில் ஓடவைத்த ஹெர்ப் எலியட், 1960 ரோம் ஒலிம்பிக்கில் 1,500 மீட்டரை 3 நிமிடம் 35.6 வினாடியில் உலக சாதனையோடு வென்றார். விளம்பரம் மணல்மேட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறது. எலியட் அங்கே ஒருமுறை போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்பியவரல்ல; திரும்பத் திரும்பப் போனவர்.

ஊர் விஷயமும் உறுத்துகிறது. ஆத்தனாவூர்ச் சாலையில் விடியலில் பால் கேன் கட்டிய மொபெட் வரும். நம்மவர்கள் நான்கு பேர் வரிசைகட்டிப் பாதையை அடைத்து ஓடுவார்கள். ஊர்க்காரர்களுக்கு முகாமில் இடம் சமையல்கட்டோடு சரி. அந்த மேட்டில் தினமும் ஏறி இறங்கும் பள்ளிப் பிள்ளைகளில் இரண்டு பேரையாவது கட்டணமில்லாமல் சேர்த்துக்கொண்டால் யாருக்கு நஷ்டம்?

ஓடத் தொடங்கி மூன்று நான்கு மாதம் ஆனவரும், பந்தயத்துக்கு ஒன்றரை மாதமாவது இருப்பவரும் போகலாம் என்பேன். பந்தயத்துக்கு இரண்டே வாரம் இருக்கும்போது புறப்படுகிறவர் அந்தப் பணத்துக்கு நல்ல ஷூ வாங்கிக்கொள்ளலாம். விண்ணப்பப் படிவத்தைப் பார்த்தாலே முகாமின் தரம் தெரிந்துவிடும்: பெரும்பாலானவற்றில் டி-ஷர்ட் அளவு கேட்கிறார்கள், இப்போது வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறீர்கள் என்று கேட்பதில்லை.