கதவைச் சாத்துவது தீர்வாகுமா?

பல்கலைக்கழகம் ஒன்று தன் விரிவுரைகளை உலகுக்கே இலவசமாக வழங்குகிறது. அதையும் குறை கூறலாமா என்று நீங்கள் கேட்கக்கூடும். கூறித்தான் ஆகவேண்டும்.

அமெரிக்காவில் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் இணையத்தில் வெளியிட்ட விரிவுரைகள் பலவற்றில், பேச்சுக்குரிய எழுத்து வரிகள் சரிவர இல்லை. காது கேளாதோருக்கு அவை பேசாப் படங்களே! அவர்கள் முறையிட்டனர். 2016இல் அந்நாட்டு நீதி இலாகா இக்குறைகளைச் சுட்டிக்காட்டியது. பல்கலைக்கழகம் என்ன செய்தது தெரியுமா? 2017இல் 20,000க்கும் மேற்பட்ட பதிவுகளைப் பொதுமக்கள் பார்வையிலிருந்தே அகற்றிவிட்டது!

திருத்தப் பெருஞ்செலவாகும் என்றார்கள். உண்மைதான். கட்டி முடித்த வீட்டில் சுவரை இடித்து வாசல் வைத்தால் செலவு ஆகாதா? வரைபடத்திலேயே வாசலைக் குறித்திருக்க வேண்டும்.

இது ஒருசிலருக்கான சலுகை என எண்ணாதீர்கள். 2018இல் வெளிவந்த உலகளாவிய இணைய அணுகல் நெறிகள், பக்கம் 320 பிக்சல் அகலத்துக்குள் அடங்க வேண்டும் என்கின்றன. 1280 பிக்சல் திரையில் எழுத்தை நான்கு மடங்கு பெரிதாக்கினால் கிடைக்கும் அகலம் இது. பார்வை குன்றியோருக்காக எழுந்த இவ்விதி, கைப்பேசியில் படிக்கும் மாணவருக்கும் உதவுகிறது அல்லவா?

ஆகவே வடிவமைப்பாளர், ஆசிரியர், பார்வையற்ற மாணவர், காது கேளாத மாணவர் ஆகிய அனைவரும் முதல் நாளிலிருந்தே கூடிப் பணியாற்ற வேண்டும். 2022இல் பெர்க்லியும் தன் இணையப் பாடங்களைச் சீராக்க உடன்பட்டது. முதலிலேயே கேட்டிருந்தால் ஆறாண்டுகள் வீணாகியிருக்குமா? சிந்தியுங்கள்!