சந்தேகமும் பரிணாமமும்

‘மனைவியின் நடத்தையில் சந்தேகம்’ என்பது நம் தினசரிகள் அச்சுக் கோத்தே வைத்திருக்கும் சொற்றொடர். கொலைக்கான காரணம் அத்தோடு முடிந்துவிடும். பரிணாம உளவியல் இதற்கு ஒரு விஞ்ஞானச் சட்டை மாட்டிவிட்டதோ என்று ஐயுறவேண்டியிருக்கிறது.

கனடாவில் பணியாற்றிய மார்ட்டின் டேலி, மார்கோ வில்சன் இருவரும் 1988-இல் எழுதிய ‘ஹோமிசைட்’ இத்துறையின் முக்கிய நூல். பிள்ளை தன்னுடையதுதான் என்பதில் தாய்க்குச் சந்தேகமில்லை, தகப்பனுக்கு உண்டு. ஆகவே பெண்ணைக் காவல் காக்கும் மனப்போக்கு ஆணிடம் நிலைத்தது என்பது வாதம். சரி, அப்படின்னா கொல்வானேன்? தன் பிள்ளைகளின் தாயையே கொன்றால் வம்சத்துக்கு என்ன லாபம்? இருவரும் நாணயமாகவே பதில் சொல்கிறார்கள்: அடியும் மிரட்டலும் அடக்கிவைக்கும் கருவிகள், கொலை என்பது அது கைமீறிப் போனது. 2005-இல் ‘த மர்டரர் நெக்ஸ்ட் டோர்’ எழுதிய டேவிட் பஸ்ஸோ கொலையையே தகவமைப்பு ஆக்கிவிட்டார். பலரிடம் கொலைக் கற்பனைகளைக் கேட்டுத் தொகுத்தது அவருடைய சான்றுகளில் ஒன்று. கோபத்தில் ‘இவனைத் தொலைச்சிடணும்’னு நினைக்காதவர் யார்? நினைப்புக்கும் செயலுக்கும் நடுவே உள்ள தூரம்தான் விளக்கப்பட வேண்டியது. அதை அவர் ஒரே தாவாகத் தாண்டிவிடுகிறார்.

அவரது 1992 ஆய்வில், துணையின் உடலுறவுத் துரோகமே அதிக வேதனை என்றவர்கள் அமெரிக்க மாணவர்களில் ஆண்கள் 60%, பெண்கள் 17%. 1996-இல் ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் கேட்டபோது இந்த இடைவெளி சுருங்கியது. நமீபியாவின் ஹிம்பா மக்களிடையே 2020-இல் வெளியான மரபணு ஆய்வில், சோதித்த குழந்தைகளில் 48% தாயின் கணவருக்குப் பிறந்தவர்கள் அல்லர். பெரும்பாலும் பெற்றோருக்கும் இது தெரிந்தே இருந்தது!

நம் நாட்டுக்கு வருவோம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்ன பெண்கள் கர்நாடகத்தில் 44.4%, தமிழ்நாட்டில் 38.1%, இமாசலத்தில் 8.3%. வெளியே சொல்லத் தயங்குவோரைக் கழித்தாலும், இத்தனை வேறுபாட்டை ஒரே ஆதிமனித மூளையைக் காட்டி விளக்க முடியாது. சூழலுக்கேற்ப மனம் மாறும் என்பார்கள். நல்லது, அப்ப சூழலைத்தானே முதலில் ஆராயணும்?

மணமான பெண்ணோடு அவள் கணவனின் சம்மதமில்லாமல் உறவு கொள்வதைக் குற்றமாக்கியது 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவு. கணவன் சம்மதித்திருந்தால் குற்றமே இல்லை. இத்தகைய சட்டங்களை ஆண்மனத்தின் சான்றாக டேலியும் வில்சனும் காட்டுகிறார்கள். சட்டமும் அந்த மனத்தை ஊட்டி வளர்த்திருக்கலாமே! உச்சநீதிமன்றம் அப்பிரிவை நீக்க 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.