குழந்தை நூலும் சொல்லளவும்

குழந்தைகட்குரிய நூல்களை நிலை நிலையாக வகுத்தளித்தல் தமிழர்க்குப் புதிய செயலன்று. திண்ணைப் பள்ளியில் முதற்கண் ஆத்திசூடி, அதன்பின் கொன்றைவேந்தன், அதன்பின் மூதுரை. ஓரடிக்குங் குறைந்த தொடர், பின்னர் ஓரடி, பின்னர் நாலடி வெண்பா என அடியின் நீளமே அங்கு அளவுகோலாக நின்றமை காணலாம். பொருளின் கடுமை அன்று கருதப்பெறவில்லை. அதனைப் பின்னாளில் உணர்ந்துகொள்வான் என்று விட்டனர். இன்று இணையத்தின் வழியே குழந்தை நூல்கள் வந்துசேரும் நிலையில் அளவுகோல் மாறிச் சொற்றொகை என்றாகியுள்ளது. அவ்வளவுகோல் தமிழுக்கு எத்துணைப் பொருந்தும் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015 செப்டம்பர் 8ஆம் நாள், உலக எழுத்தறிவு நாளன்று, 'ஸ்டோரிவீவர்' என்னும் இணையக் கதைக் களஞ்சியத்தைத் தொடங்கிற்று. தொடக்கத்தில் 24 மொழிகளில் ஏறத்தாழ 800 கதைகள் இருந்தன. தமிழ் அவற்றுள் ஒன்று. கட்டணமின்றிப் படிக்கலாம், மூலத்தைச் சுட்டி, எவரும் மொழிபெயர்க்கலாம், திருத்தியமைக்கலாம், அச்சிடலாம். இவ்வுரிமையே அதன் பெருஞ்சிறப்பு என்பது எம் கருத்து. குழந்தைகளுக்கான கலைக்களஞ்சியத்தைப் பெ. தூரன் அவர்கள் பத்துத் தொகுதிகளாகப் பதிப்பித்தளித்த பெருமுயற்சி 1968 முதல் 1976 வரை நடந்தது. அதனை இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் வழிப் பார்க்கலாம். எனினும் அது தேடிச் செல்வார்க்கு உதவுவது. தேடத் தெரியாத ஏழு வயதுக் குழந்தைக்கு வேண்டுவது வேறு.

வேடசந்தூர் வட்டாரத்தை எண்ணிப் பார்க்கலாம். நூற்பாலைகள் மிகுந்த பகுதி அது. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிப் பள்ளியில் தமிழ் கற்கும் குழந்தைகள் அங்குண்டு. ஆலைப் பணிக்கு வடமாநிலங்களினின்று வந்த குடும்பத்தாரும் உளர். ஒரே கதை, ஒரே படங்களோடு பல மொழிகளிற் கிடைத்தல் இத்தகைய ஊருக்குப் பெரும்பயன் தருவது. நூல் என்னுஞ் சொல் இழையையும் ஏட்டையும் ஒருங்கே குறிக்கும் மொழி நம்முடையது. இழை நூற்கும் ஊரில் ஏடு அருகியிருத்தல் தகாது.

இனி அளவுகோலைப் பார்ப்போம். ஸ்டோரிவீவர் கதைகள் நான்கு படிநிலைகளாக வகுக்கப்பெற்றுள்ளன. முதற்படிக்கு 250 சொற்களுக்குட்பட்டவை, இரண்டாவதற்கு 600 வரை, மூன்றாவதற்கு 1500 வரை, அதற்கு மேற்பட்டவை நான்காவது என்பது அதன் வரையறை. எளிய சொல், மீண்டும் மீண்டும் வருஞ்சொல் என்ற குறிப்புகளும் உடன் உள்ளன. ஆயினும் எண்ணித் திட்டமாகச் சொல்லத்தக்கது சொற்றொகை ஒன்றே.

தமிழில் எது ஒரு சொல்? 'மரத்திலிருந்தவற்றையெல்லாம்' என்று சேர்த்தெழுதின் ஒன்று. 'மரத்தில் இருந்தவற்றை எல்லாம்' என்று பிரித்தெழுதின் மூன்று. எழுதுவோன் இடைவெளி விடும் வழக்கத்திற்கேற்பக் கதை படிமாறும் எனின், அஃது அளவுகோலாகுமா? சேர்த்தெழுதிய அச்சொல் 15 எழுத்துகளும் இரண்டு சாரியைகளும் உடையது. முதற்படிக் குழந்தை அதனை எங்கே முறித்து வாசிக்கும்? பல சிறு இடைச்சொற்களால் ஆங்கிலம் பிரித்துச் சொல்வதை நாம் ஈறுகளால் ஒரு சொல்லில் ஏற்றுகிறோம். ஆதலின் 250 தமிழ்ச் சொற்களின் சுமை 250 ஆங்கிலச் சொற்களின் சுமையை விடப் பெரிது.

ஈறுகளை எண்ணினால் இக்குறை தீரும் என்பார்க்கும் ஒரு தடை உண்டு. பூனை என்பது பூனையை, பூனைக்கு என வருங்கால் அடிச்சொல் சிதைவதில்லை. ஆடு ஆட்டை என்றும், மரம் மரத்தை என்றும், ஆறு ஆற்றை என்றும் திரியும். இலக்கண நூலார் கணக்கில் இம்மூன்றும் திரிபுடையனவே. குழந்தையின் கணக்கு அவ்வாறன்று. 'ஆட்டை', 'மரத்தை' என்பன அதன் வாயிலேயே உள்ளவை. கேட்டறிந்ததைக் கண்ணாற் காண்பது மட்டுமே அதற்குப் புதிது. 'ஆற்றில்' என்பதோ அப்படியன்று. குடகனாற்றங்கரைக் குழந்தை 'ஆத்துல' என்றன்றிப் பேசியறியாது. அதற்கு ஆற்றில் என்பது அறிந்த பொருளுக்கு வாய்த்த அறியாச் சொல். எனவே ஆடு வரும் கதை எளிது. ஆறு வரும் கதை, அளவிற் சிறிதாயினும், கடிது. வாசிப்பின் கடுமையை அளப்பது பேச்சுக்கும் எழுத்துக்கும் இடைப்பட்ட தொலைவு என்பதே எம் துணிபு. அழ. வள்ளியப்பாவின் பாடல்கள் எளியனவாய்த் தோன்றுதற்கும் ஒரு காரணம் இதுவே எனலாம். ஓசை முன்சென்று அடுத்த சொல்லைக் காதுக்கு அறிவித்துவிடுகின்றது.

அவ்வாறாயின் பேச்சு வழக்கிலேயே கதை எழுதிவிடலாமே என்பர் சிலர். எவ்வூர்ப் பேச்சு என்ற வினா உடனே எழும். யாம் அதனை உடன்படோம். எழுத்து வழக்கிற்கு இட்டுச் செல்லவே நூல் வேண்டுகின்றோம்.

சொல்லை எண்ணும் போக்கு அரசு முயற்சியிலும் புகுந்தது. 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின்கீழ் 2022 ஜூனில் வாசிப்பு மாரத்தான் ஒன்று நடந்தது. 'ரீட் அலாங்' என்னும் செயலி குழந்தை வாய்விட்டு வாசிப்பதைக் கேட்டுப் பிழையைத் திருத்தும். வாசித்த சொற்களின் தொகையே வெற்றியை அளந்தது. வாய்விட்டு வாசிக்கச் செய்தது நன்று. ஆயினும் பூனையும் ஒன்று, ஆற்றங்கரையினின்றும் ஒன்று என எண்ணும் போட்டியில், எளிய கதையையே திரும்பத் திரும்ப வாசிக்குங் குழந்தையும் முன்னிற்கும்.

2023இல் பள்ளிக் கல்வித்துறை தொடங்கிய வாசிப்பு இயக்கம் தன் சிறுநூல்களை நுழை, நட, ஓடு, பற என நான்காக வகுத்தது. எண்ணைச் சுட்டாது செயலைச் சுட்டும் இப்பெயர்களை யாம் பெரிதும் விரும்புகின்றோம். நான்கும் ஈறு ஏலாத வினைப்பகுதிகள். நன்னூலார் வாய்பாடாகக் கொண்ட 23 பகுதிகளுள் 'நட' முதலாவது. பெயருக்குக் காட்டிய இம்மொழியுணர்வை வகுப்பு நெறியிலும் காட்டுதல் வேண்டும்.

அதற்குரிய கருவிகள் தமிழ்த்துறைகளிடமே உள்ளன. ஒரு வட்டாரத்து ஆறு, ஏழு வயதினரின் பேச்சைத் தொகுத்து, முதற்படிக் கதைகளின் சொற்களோடு ஒப்பிட்டு, வாயில் உள்ளவை, திரிந்துள்ளவை, இல்லாதவை எனப் பகுத்தல் முதுகலை மாணவர் ஓராண்டிற் செய்யத்தக்க ஆய்வு. வேடசந்தூர் அதற்கு ஏற்ற களம். முடிபிற்கேற்பக் கதைகளைத் திருத்திப் படிமாற்றி மீண்டும் வெளியிடவும் களஞ்சியத்தின் உரிமம் இடந்தருகின்றது.